ஆட்டத்துக்கு முன் கேப்டன்களைச் சந்திப்பது எப்படி? பள்ளி நடுவர்களுக்கு ஓர் ஒப்பீடு

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இந்த வருடம் முதன்முதலாகப் பள்ளிக் காற்பந்து ஆட்டங்களுக்கு விசில் பிடிக்கப் போகிற இளைஞர்கள் சிலர் இருக்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகள், போன வருடம் வரை தாங்களே ஆடியவர்கள். விதிப் புத்தகத்தை நன்றாகவே படித்து வைத்திருக்கிறார்கள். ஆஃப்சைட், ஹேண்ட்பால் என்று எதைக் கேட்டாலும் பதில் வருகிறது. ஆனால் ஒரு கேள்வியில் எல்லாரும் தயங்குகிறார்கள்: ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டு என்ன பேசுவது, எவ்வளவு நேரம் பேசுவது?

தயங்குவது நியாயம்தான், ஏனென்றால் இதற்குப் புத்தகத்தில் நேரடியான பதில் இல்லை. ஆட்டக்காரர்கள் அணிந்திருப்பதைச் சரிபார்க்க வேண்டும், நாணயம் சுண்ட வேண்டும் என்கிற அளவில் விதி நின்றுவிடுகிறது. கேப்டனைப் பற்றி மூன்றாம் விதி சொல்வதும் கொஞ்சம்தான். அவருக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது, ஆனால் தன் அணியின் நடத்தைக்கு ஓரளவு பொறுப்பு உண்டு. அந்தப் பொறுப்பை ஒரு பதினாறு வயதுப் பையன் கையில் எப்படிக் கொடுப்பது என்பதை நடுவரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இடைநிலைப்பள்ளி ஆட்டங்களில் நான் பார்க்கிற வழிகள் நான்கு. நான்குக்கும் காரணம் உண்டு. ஆனால் நான்கும் ஒரே தரம் இல்லை.

டாஸ் மட்டும்

நடுவட்டத்துக்குக் கூப்பிடுவது, கை குலுக்குவது, ஐம்பது காசைச் சுண்டுவது, அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒரே திடலில் காலை எட்டு மணியிலிருந்து ஆட்டத்துக்கு மேல் ஆட்டம் என்று அடுக்கியிருக்கும் நாளில் இதைக் குறை சொல்ல முடியாது. பள்ளி வேன் தாமதமாக வந்து, பையன்கள் ஓடிக்கொண்டே பூட்ஸ் கயிறு கட்டும்போது வேறு எதற்கும் நேரமும் இருக்காது.

இதன் பலவீனம் பிறகுதான் தெரியும். நடுவரும் கேப்டனும் முதல் தடவையாக நேருக்கு நேர் பேசுவது ஒரு பெனால்டி சத்தத்துக்கு நடுவில் என்று ஆகிவிடும். முன்பின் பேசாத ஆளிடம் கோபமாக வரும் பையனை அடக்குவது கஷ்டம். நீ யார், நான் யார் என்பதே அதுவரை பேசப்படவில்லை.

டாஸையாவது ஒழுங்காகப் போடுகிறார்களா என்றால் அதிலும் குறை இருக்கிறது. முன்பு டாஸ் ஜெயித்தவர் எந்தக் கோலை நோக்கித் தாக்குவது என்பதை மட்டும் தேர்ந்தெடுப்பார். எதிரணிக்குக் கிக்-ஆஃப் போய்விடும். 2019-20 முதல் ஜெயித்தவருக்கு இரண்டில் எது வேண்டுமோ அதைக் கேட்கும் உரிமை வந்துவிட்டது. இது தெரியாத கேப்டன்கள் இன்னும் இருக்கிறார்கள். "பந்தா, சைடா?" என்று ஒரே ஒரு வரி கேட்டால் போதும். அதைக் கேட்காமல் விட்டால், பழக்கதோஷத்தில் பந்தை வாங்கிக்கொண்டு போய், சாயங்கால ஆட்டத்தில் முதல் பாதி முழுக்கத் தன் கோல்கீப்பரை மேற்கு வெயிலைப் பார்த்து நிற்க வைத்துவிடுவான். செம்பனை மரங்களின் நிழல் விழுந்து ஒரு பாதி ஈரமாகவே கிடக்கும் தோட்டத்துத் திடல்களில் சைடு என்பது சின்ன விஷயம் இல்லை. அது கேப்டன் எடுக்க வேண்டிய முடிவு. அவனுக்கு அந்த உரிமை இருப்பதைத் தெரியப்படுத்துவது நடுவரின் வேலை.

விதி வகுப்பு

இதற்கு நேர் எதிர், ஐந்து நிமிடப் பேச்சு. பின்னாலிருந்து இடித்தால் என்ன, சட்டையைப் பிடித்தால் என்ன, வாய் பேசினால் என்ன, எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது. புது நடுவர்களுக்கு இது பிடிக்கிறது. எல்லாம் சொல்லிவிட்டோம், இனி யாரும் "தெரியாது சார்" என்று சொல்ல முடியாது என்று ஒரு நிம்மதி.

நான் இதற்கு எதிரானவன். காரணம் தெரிய வேண்டுமென்றால் பேச்சு நடக்கும்போது கேப்டனின் முகத்தைப் பாருங்கள். இரண்டாவது நிமிடத்திலேயே கண் நடுவரின் தோளைத் தாண்டித் தன் அணி பக்கம் போய்விடும். பூட்ஸ் முனையால் புல்லைக் கிளறிக்கொண்டிருப்பான். தலை மட்டும் ஆடும். திரும்பிப் போனதும் மற்ற பையன்கள், "என்னடா சொன்னாரு?" என்று கேட்பார்கள். "ஒண்ணும் இல்லடா, டாஸ் தோத்துட்டோம்." ஐந்து நிமிடப் பேச்சில் அணிக்குப் போய்ச் சேர்ந்தது அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய ஆபத்து நடுவர் கொடுக்கும் வாக்குறுதிகள். "முதல் சட்டை இழுப்புக்கே கார்டு" என்று சொல்லிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது நிமிடத்தில், நடுத்திடலில், யாருக்கும் பாதிப்பில்லாமல் ஒருவன் லேசாகச் சட்டையைத் தொடுகிறான். கார்டு கொடுத்தால் ஆட்டம் கெடும், கொடுக்காவிட்டால் உங்கள் வார்த்தை கெடும். எதிரணிக் கேப்டன் ஓடி வந்து, "சார், நீங்கதானே சொன்னீங்க" என்பான். அவன் கேட்பதில் தப்பே இல்லை.

"ஏதாவது கேள்வி இருக்கா?" என்று முடிப்பதும் வேண்டாம். மரியாதையாகத்தான் தோன்றும். ஆனால் அங்கே வருகிற கேள்விகள் பெரும்பாலும் போன ஆட்டத்தின் மிச்சம்: "போன தடவை அந்த ரெஃப்ரி இப்படிக் குடுத்தாரு சார், நீங்க எப்படி?" இதற்கு என்ன பதில் சொன்னாலும் வம்புதான். போன வருடச் சண்டையை நடுவரே ஞாபகப்படுத்தி எச்சரிப்பது இன்னும் மோசம். அன்று ஆடியவர்களில் பாதிப் பேர் படிவம் ஐந்து முடித்துப் போயிருப்பார்கள். இன்று நிற்கிற பையன் அந்தப் பழியைச் சுமக்க வேண்டியதில்லை.

ஆசிரியர்களையும் சேர்த்து நிறுத்துவது

அமெரிக்க உயர்நிலைப்பள்ளிக் காற்பந்தில் இது வழக்கம். ஆட்டத்துக்கு முன் நடுவர் கேப்டன்களோடு தலைமைப் பயிற்றுநர்களையும் கூப்பிடுகிறார். எல்லாரும் விதிப்படி உடுத்தியிருக்கிறார்களா என்று பயிற்றுநரையே கேட்டு உறுதி வாங்கிக்கொள்கிறார். நல்ல நடத்தை பற்றியும் அங்கே ஒரு வார்த்தை சொல்கிறார். இதில் எனக்குப் பிடித்தது, பெரியவர் ஒருவர் எதிரணி முன்னால் வாயைத் திறந்து பொறுப்பேற்பது. பிறகு பெஞ்சிலிருந்து கத்துவதற்குக் கொஞ்சம் யோசிப்பார்.

நம் ஊரில் இதை அப்படியே எடுத்து வைத்தால் வேறு மாதிரி ஆகிறது. அணியோடு வரும் பொறுப்பாசிரியர் பல நேரம் பயிற்றுநர் இல்லை. புறப்பாடப் பொறுப்பு அவருக்கு வந்தது, அவ்வளவுதான். அவர் கணிதமோ வரலாறோ சொல்லிக் கொடுப்பவர். உண்மையில் பையன்களைப் பழக்கியவர் தோட்டத்து அண்ணன் ஒருவர். வேலை முடித்து மோட்டாரில் வந்து, வேலிக்கு வெளியே கைகட்டி நிற்பார். கூட்டத்துக்கு வருகிற சிக்குவுக்கு (ஆசிரியரை இங்கே மலாயில் அப்படித்தான் கூப்பிடுகிறோம்) ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருக்காது. சொல்ல வேண்டிய அண்ணனுக்கு அங்கே இடம் இருக்காது.

இன்னொன்று, ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது மாணவன் கேப்டனாக இருப்பதில்லை. கேள்வி அவனிடம் கேட்டாலும் ஆசிரியர் முகத்தைப் பார்ப்பான். "பந்தா, சைடா?" என்றால் சிக்கு பதில் சொல்வார். அந்த ஒரு நிமிடத்திலேயே அவனிடம் கொடுக்க வந்த பொறுப்பு கைமாறிவிடுகிறது. எழுபது நிமிட ஆட்டத்தில் நமக்கு உதவப் போகிறவன் அவன்தான், ஆசிரியர் இல்லை.

ஆனால் பதினைந்து வயதுக்குக் கீழ் பிரிவில் இந்த எதிர்ப்பை நான் தளர்த்திக்கொள்வேன். அந்த வயதில் சிலருக்குக் கேப்டன் பட்டை கட்டுவதே அன்று காலைதான். ஆசிரியர் பக்கத்தில் இருப்பது அவர்களுக்குத் தைரியம்.

இரண்டு கட்டமாகச் சந்திப்பது

நான் சிபாரிசு செய்வது இதை. ஆட்டத்துக்கு இருபது நிமிடம் இருக்கும்போது நடுவரே ஒவ்வொரு அணியின் இடத்துக்கும் நடந்து போகிறார். அங்கே பொறுப்பாசிரியர், கேப்டன் இருவரையும் வைத்து உடுப்பைச் சரிபார்க்கிறார். பிறகு நடுவட்டத்தில் கேப்டன்கள் மட்டும், ஒரு நிமிடம்.

முதல் கட்டம் ஏன் தனியாக வேண்டும் என்பதற்கு ஒரு சாமிக் கயிறு போதும். பையன்கள் பலர் கையில் கோயிலில் கட்டிய சிவப்போ கறுப்போ இருக்கும். கழுத்தில் உருத்திராட்சம், காதில் கடுக்கன், சீக்கியப் பையன் என்றால் கையில் காப்பு. நான்காம் விதி நகை எதையும் அனுமதிப்பதில்லை. சங்கிலி, மோதிரம், காப்பு, தோடு, தோல் பட்டை, ரப்பர் வளையம் எல்லாம் அதில் அடக்கம். மேலே டேப் ஒட்டி மறைத்துக்கொள்வதும் செல்லாது. நூல் கயிறு என்று பெயர் சொல்லி அதில் இல்லை. கையில் வளையமாகக் கிடப்பதால் அதுவும் கழற்ற வேண்டியதே என்பது என் கருத்து. எதிரியின் விரல் மாட்டினால் காயப்படப் போவது இரண்டு பேரும்தான்.

ஆனால் அதை எங்கே, எப்படிக் கேட்கிறோம்? நடுவட்டத்தில் எதிரணியும் வேலியோரப் பெற்றோர்களும் பார்க்க, "கயிற்றை அறு" என்றால் அது அவமானம். அம்மா கட்டிவிட்டது, நேர்த்திக்கடனுக்குக் கட்டியது. பையன் அறுப்பான், ஆனால் அன்று முழுக்க உங்களை மன்னிக்க மாட்டான். அதையே இருபது நிமிடம் முன்னால், அவன் அணிக்குள், "தம்பி, ஆட்டம் முடியும் வரைக்கும் இதை அவிழ்த்து சிக்குகிட்ட கொடுத்து வை" என்றால் முடிச்சை நிதானமாக அவிழ்ப்பான். அவிழ்க்க முடியாதபடி இறுகியிருந்தால் ஆசிரியரோடு பேசி முடிவெடுக்கவும் நேரம் இருக்கிறது. காப்பு விஷயமும் இப்படித்தான். மலாய்ப் பள்ளி நண்பர்களின் ரப்பர் வளையமும் இப்படித்தான். எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே தொனி.

முழங்காலுக்குக் கீழே தட்டிப் பார்ப்பதையும் இந்த நேரத்திலேயே முடித்துவிடலாம். ஷின் கார்டு, அதாவது காலுறைக்குள் வைக்கும் முன்னங்கால் காப்பு, கட்டாயம். தனக்கு ஏற்ற அளவில் அணிவது ஆட்டக்காரரின் பொறுப்பு. வசதி இல்லாத பிள்ளைகள் அட்டைப்பெட்டியைக் கிழித்து மடித்துக் காலுறைக்குள் செருகிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம். தட்டினால் சத்தமே வேறு. அது பாதுகாப்பு இல்லை. ஆட விட முடியாது. இருபது நிமிடம் இருந்தால் மாற்று ஆட்டக்காரரிடம் இரவல் வாங்கிவிடலாம். விசிலுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கண்டுபிடித்தால் அந்தப் பையன் வெளியே உட்கார வேண்டியதுதான். வறுமைக்கு நடுவர் தண்டனை கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

நடந்து போவதால் இன்னொரு லாபம். அந்தப் பையனின் பெயர் உங்களுக்குத் தெரிந்துவிடும். அவனுக்கும் உங்கள் குரல் பழகிவிடும். ஆட்டத்துக்கு முன் சரிபார்க்கத் திடலில் கால் வைத்ததிலிருந்தே நடுவருக்கு ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் உண்டு. ஆனால் அதைச் சொல்லி மிரட்ட வேண்டியதில்லை. நீங்கள் அங்கே நடமாடுவதே வார்ம்-அப் நேரத்து வாய்ச்சண்டையைப் பாதி குறைத்துவிடும்.

இரண்டாம் கட்டத்தில், நடுவட்டத்தில், என்ன பேசுவது? நாணயத்தில் எண் பக்கம் எது என்று இருவருக்கும் காட்டுங்கள். டாஸ் போடுங்கள். "பந்தா, சைடா?" கேளுங்கள். ஒரு பாதி எத்தனை நிமிடம் என்று சொல்லுங்கள், பள்ளிப் போட்டிகளில் அது ஒன்றுபோல இருப்பதில்லை. அப்புறம் முக்கியமான அந்த ஒன்று: "எது கேட்கணும்னாலும் நீ மட்டும் வா. மத்தவங்களைத் தள்ளி நிறுத்துறது உன் பொறுப்பு. மரியாதையா கேட்டா ஒரு வரியில பதில் சொல்றேன்."

இது பிள்ளைகளுக்குப் புதிதும் இல்லை. ஜெர்மனியில் நடந்த 2024 யூரோவில் (ஐரோப்பிய நாடுகளின் காற்பந்துப் போட்டியில்) கேப்டன் மட்டுமே நடுவரிடம் போய்ப் பேசலாம் என்று வைத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார்கள். 2025-26 விதிகளில் போட்டி அமைப்பாளர்கள் விரும்பினால் இதை ஏற்றுக்கொள்ளலாம் என்று சேர்த்திருக்கிறார்கள். அதனால் ஒரு கவனம் தேவை. உங்கள் போட்டியில் அதை ஏற்றுக்கொள்ளவில்லை என்றால், விதி என்று சொல்லாதீர்கள், ஏற்பாடு என்று சொல்லுங்கள். சும்மா பக்கத்தில் வந்தான் என்பதற்காகக் கார்டு காட்ட முடியாது. வாதாடி அவமதித்தால் கார்டு எப்போதும் உண்டு, அதற்குப் புது விதி தேவையில்லை. கேப்டன் என்பதால் அவனுக்கும் விலக்கு இல்லை என்பதையும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவது நல்லது.

கேப்டன் கோல்கீப்பராக இருந்தால்? கோல்கீப்பர் 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகத்தின் பெயரைக் கேட்டு வளர்ந்த நாடு இது. நல்ல கோல்கீப்பரைக் கேப்டனாக்குவதில் ஆச்சரியமில்லை. ஆனால் எதிர்க் கோல் பக்கம் நடக்கும் விஷயத்துக்கு அவன் எண்பது மீட்டர் ஓடி வர முடியாது. யூரோவிலும் அப்படிப்பட்ட அணிகள் திடலில் ஆடும் இன்னொருவரைக் குறிப்பிட வேண்டியிருந்தது. டாஸ் நேரத்திலேயே, "உனக்குப் பதிலா யார் வருவா? எத்தனாம் நம்பர்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

திடலைப் பற்றி ஒரு வரி சேர்க்கலாம். கோட்டுக்கு வெளியே ஓரடியில் கால்வாய் இருக்கிறதா, இடி கேட்டால் எந்தப் பக்கம் ஓட வேண்டும், இவ்வளவுதான். நம் ஊர் சாயங்கால மழைக்கு இது அவசியம்.

எந்த மொழியில்?

எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. நடுவர் தமிழர், ஒரு கேப்டன் தமிழர், மற்றவர் மலாய்க்காரரோ சீனரோ என்றால், நடுவட்டத்தில் தமிழ் வேண்டாம். தமிழ்ப் பையன் உரிமையோடு, "அண்ணே, எந்த சைடு நல்லா இருக்கு?" என்று கேட்பான். அன்பாகத்தான் கேட்கிறான். நீங்களும் சிரித்து ஒரு வார்த்தை தமிழில் சொன்னால், பக்கத்தில் நிற்கிற பையனுக்கு அன்று நீங்கள் எதிராளி. பிறகு கொடுக்கும் சரியான பெனால்டியும் அவனுக்கு அந்த ஒரு வார்த்தையாகத்தான் தெரியும். எல்லாருக்கும் பொதுவாக மலாய் இருக்கிறது. "கப்தேன் சஹாஜா" (கேப்டன் மட்டும்) என்றால் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரியும். விசில் பிடித்த நேரத்தில் எல்லாருக்கும் ஒரே அளவு சொந்தமாக இருக்க வேண்டும்.

இரண்டு கேப்டன்களும் தமிழ்ப் பிள்ளைகள் என்றால்? தாராளமாகத் தமிழில் பேசலாம், பக்கத்தில் நிற்கிற லைன்ஸ்மேனுக்கும் புரியும் என்றால். அவருக்குப் புரியாத ஏற்பாட்டை அவரால் காப்பாற்ற முடியாது. அடிபட்டுக் கிடக்கிற பையனிடம் மட்டும் அவன் மொழியிலேயே பேசுங்கள். அங்கே யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

எந்த நாளுக்கு எது?

இரண்டு கட்ட வழிக்கு நேரம் வேண்டும் என்பதுதான் அதன் ஒரே செலவு. நடுவர் முக்கால் மணி நேரம் முன்னால் திடலில் இருக்க வேண்டும். சனிக்கிழமை காலை அடுத்தடுத்து ஆட்டங்கள் இருந்தால், முந்தைய ஆட்டத்தின் இடைவேளையில் அடுத்த ஆட்டத்தின் லைன்ஸ்மேன்களை உடுப்புச் சோதனைக்கு அனுப்பிவிடலாம். அதுவும் முடியாத நாளில் டாஸ் மட்டும், ஆனால் "நீ மட்டும் வா" என்ற அந்த வரியோடு. விதி வகுப்பு எந்த நாளுக்கும் வேண்டாம். கோல்கீப்பர் எட்டு வினாடிக்கு மேல் பந்தைப் பிடித்தால் எதிரணிக்குக் கார்னர் என்று 2025-இல் வந்தது போன்ற மாற்றங்களைச் சொல்ல வேண்டிய இடம், குலுக்கல் போடும்போது நடக்கிற அணிப் பொறுப்பாளர் கூட்டம். அங்கே தாளில் அடித்துக் கொடுத்துவிடுங்கள். பள்ளியில் ஒட்டிவைப்பார்கள், அண்ணன்மார் கைக்கும் போகும்.

நாக்-அவுட் சுற்றில் கேப்டன்களை இன்னொரு தடவையும் கூப்பிட வேண்டிவரும். சமநிலையில் முடிந்து பெனால்டி உதைகளுக்குப் போனால் இரண்டு டாஸ்: முதலாவது எந்தக் கோல் என்பதற்கு, இரண்டாவதில் ஜெயித்தவர் முதலில் உதைப்பதா, பிறகு உதைப்பதா என்று முடிவு செய்வார். அந்த நேரத்துக்கு மட்டும் முதல் வழியே சரி. பையன்கள் களைத்துப் போயிருப்பார்கள், தசைப்பிடிப்போடு ஒருவன் தரையில் கிடப்பான், வேலியோரம் ஒரே கூச்சல். எந்த டாஸ் எதற்கு என்று சுண்டும் முன்னால் சொல்லுங்கள், கேப்டனின் பதிலை இருவருக்கும் கேட்கும்படி திருப்பிச் சொல்லுங்கள், எழுதிக்கொள்ளுங்கள். வேறு ஒரு வார்த்தையும் வேண்டாம்.